சாய்ந்த கோட்டுக்கு முன்னால்

கெடு முடிய நாலே நாள்.
பிள்ளைக்கு இன்னும் பேரில்லை.
கிளினிக் அட்டையில்
'சுகுணேஸ்வரியின் குழந்தை' என்று
பென்சிலில் இருக்கிறாள்.

சுகுணா தமிழ்ப்பள்ளி டீச்சர்.
பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே
பேர்களை விரலில் பிரிக்கிறாள்:
யா – ழினி, கூவிளம்.
அமு – தா, புளிமா.
பூ – வை, தேமா.
"வேணாம். பூன்னு ஆரம்பிச்சதுமே
பக்கத்து வீட்டுப் பூனை வருது."

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரன்.
எனக்குக் கியர்தான் சீர்.
மில் மேட்டில் ஏறும்போது
ஒவ்வொரு பேராய்ச் சத்தமாய்ச் சொல்லிப் பார்ப்பேன்.
பிரகதீஸ்வரி பாதி மேட்டில் நின்றுவிட்டது.
கயல், மேடு தொடங்குமுன்பே முடிந்துபோனது.

சிக்கல் அவள் பேரில் இல்லை,
பின்னால் வரும் என் பேரில்.
தட்சிணாமூர்த்தி என்றுதான் அப்பா சொன்னாராம்.
எண்பத்தொன்பதில், பதிவிலாகாவில்,
எழுதியவர் காதுக்கு எட்டியது
தெச்சண மூர்த்தி.
நடுவில் ஓர் இடைவெளி,
லோரிச் சக்கரம் இறங்குமளவு.
அன்றிலிருந்து கையெழுத்து போடும்போதெல்லாம்
அதில் இறங்கி ஏறுகிறேன்.

இனி இவள் பேருக்கு அடுத்து
ஒரு ஏ, ஒரு சாய்ந்த கோடு, ஒரு பி.
பால்மரத்தில் அம்மா போட்ட வெட்டு மாதிரியே
அந்தச் சாய்வு.
அதற்கப்புறம் குண்டும் குழியுமாய் நான்.
பள்ளி வருகைப் பதிவில், பேங்கில்,
விமானச் சீட்டில், கல்யாணப் பதிவில்
என்னை இழுத்துக்கொண்டு போகிற பேருக்கு
எத்தனை அசை வேண்டும்?

"ழ வேணாம்" என்றாள்.
மிஸ்ஸி நோரைனி யாலினி என்று கூப்பிடுவாள்.
"ளவும் வேணாம்."
"ஞ?"
"அது இருக்கலாம். அவங்க பாஷையிலயும் இருக்கு."
ஆனால் ஞ-வில் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் மழைதான் பார்த்துக்கொண்டது.
ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில்
ஆ லெக் கடைத் தகரத்தின் கீழ் சுகுணா,
சாலைக்கு இந்தப் பக்கம் நான்.
அங்கிருந்து ஒவ்வொரு பேராய்க் கூப்பிட்டாள்.
பாதியைத் தகரம் தின்றது.
மீதியை ஒரு பால்மாவு வேன்.
அப்புறம் ஒன்று, நனைந்து, நொண்டி, வந்து சேர்ந்தது.
"என்னா கேட்டுச்சு?"
"…முகை."
"போதும். அவ திரும்பிப் பாத்துருவா."

நறு – முகை.
கருவிளம்.

தெலுக் இந்தான். எண் எழுபத்திரண்டு.
பாரத்தில் நான்தான் எழுதினேன்.
ஜி போட வேண்டிய இடத்தில் கே போட்டுவிட்டேன்.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞன்,
மீசை இப்போதுதான் யோசிக்கிறது.
"நாரு… முக்காய்?"
தன் கன்னத்தைத் தொட்டான். "முக்கா?"
சுகுணாவின் தோளில் கிடந்தவளை எட்டிப் பார்த்தான்.
"ஆ! முக்கா பாரு!"
புது முகம்.
அவன் சிரித்தான்.
வரிசையில் நின்ற சீனக் கிழவரும் சிரித்தார்.
எனக்கோ அது தமிழிலேயே கேட்டது,
முகம் பாரு என்று.
நானும் பார்த்தேன்.
உதட்டோரம் ஒரு பால் பொட்டு.

அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
முக் – கா, பா – ரு.
ரெண்டு தேமா. நன்றாகவே இருந்தது.

சுகுணா சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள்.
கேயை அடித்து ஜி போட்டு
எழுத்து எழுத்தாய் அவனுக்குச் சொன்னாள்.
அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லித் தட்டினான்.
ரெண்டு முறை சரிபார்க்கவும் வைத்தாள்.
எண்பத்தொன்பதில்
அப்பாவுக்குப் பக்கத்தில்
இவள் நின்றிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில், எங்கள் பழைய காஞ்சிலில்,
முழுசாய் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
நறுமுகை நன்றாகத்தான் கிளம்பினாள்,
கோட்டைத் தாண்டினாள்,
தெச்சணவுக்கும் மூர்த்திக்கும் நடுவில்
ஒரு குலுக்கு.

எழுந்திருக்கவில்லை.